போர்க்காலத்தில் உணவு இருப்பை ஊருக்கு அறிவிப்பது எப்படி: வன்னியில் படித்த வழிமுறை

லொறி வந்து நின்றதும் மைக்கைத் தேடி ஓடுபவரைக் கண்டால் புது ஆள் என்று சொல்லிவிடலாம். நானும் அப்படி ஓடியவன்தான். இலங்கையின் வடக்கே வன்னியில் போர் நடந்த 2007 முதல் 2009 ஆரம்பம் வரை, முதலில் விசுவமடுவிலும் பிறகு உடையார்கட்டிலும், உலர் உணவு நிவாரணம் பங்கிடும் வேலையில் களஞ்சியப் பக்கம் நின்றேன். கையெழுத்து கொஞ்சம் வடிவு என்பதால் அறிவித்தல் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. இப்போது வெள்ள நிவாரணத்துக்கு வரும் இளம் தொண்டர்களுக்கு இதையே சொல்லிக் கொடுக்கிறேன். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சிப் பக்கம் மூழ்கியபோது அவர்கள் விட்ட பிழைகள் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. நாங்கள் ஏற்கெனவே விட்டவை.

பெரும்பாலான பிழை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. அறிவித்தலை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ப மூடையைத் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நேரம் இல்லாவிட்டால் ஒவ்வொரு படியையும் சுருக்கலாம், ஆனால் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தராசு. ஒரு சுண்டு, வீட்டில் அரிசி அளக்கும் பேணி. ஒரு சி.ஆர். கொப்பி, கணக்கு எழுதும் தடித்த அட்டைக் கொப்பி. டிமை என்ற பெரிய தாளும் தடித்த மார்க்கரும், மாரி என்றால் தாளை மூட ஒரு துண்டு பொலித்தீன். குடும்ப அட்டைப் பட்டியல், அது கடைசியாகத் திருத்தப்பட்ட திகதியோடு. இவ்வளவும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

மறந்துபோவது சாட்சிகளை. லொறி வருமுன்பே மூன்று பேரை ஊரிடமே கேட்டுத் தெரிவு செய்து வையுங்கள். மாதர் சங்கத்தில் ஒருவர், இடம்பெயர்ந்து வந்தவர்களில் ஒருவர், சனம் ஏசினாலும் நின்று பதில் சொல்லக்கூடிய ஒருவர். எங்களுக்கு அந்த மூன்றாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் களஞ்சியத்துக்குள் வந்து மூடைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெளியே போய் "இருக்குது பிள்ளையள், வீட்ட போங்கோ" என்று சொன்னால் வரிசை கலையும். நான் மைக்கில் பத்துத் தரம் சொன்னாலும் கலையாது.

சுண்டு எதற்கு என்று கேட்பார்கள். வீட்டில் யாரும் அரிசியைக் கிராமில் அளப்பதில்லை. உங்கள் ஊர்ச் சுண்டில் அரிசி எவ்வளவு நிறை, மா எவ்வளவு நிறை என்று ஒரு முறை தராசில் போட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள். இரண்டும் ஒரே நிறை வராது. அறிவித்தலில் கிலோவுக்குப் பக்கத்தில் சுண்டுக் கணக்கையும் எழுதினால், "குறைச்சுப் போட்டிட்டாங்கள்" என்ற சண்டையில் பாதி வராது.

1. கண்ணால் கண்ட மூடையை மட்டும் எண்ணுங்கள்

கடதாசியில் இருக்கும் இருப்பும் தரையில் இருக்கும் இருப்பும் வேறு. விநியோகச் சீட்டில் 120 மூடை என்று இருக்கும். இறக்கி அடுக்கினால் 117 வரும். அதில் நாலு நனைந்திருக்கும், இரண்டு கிழிந்து பாதி கொட்டியிருக்கும். எண்ணிக்கையை இறக்கிய பிறகு எடுங்கள். நனைந்ததைத் தனியாக அடுக்கி, அதை இருப்பில் சேர்க்காதீர்கள். சாட்சிகள் மூவரும் கொப்பியில் கையெழுத்து வைத்த பிறகுதான் அந்த எண் உங்கள் எண்.

நான் வாங்கிய முதல் அடியைச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்திலிருந்து, வியாழக்கிழமை பருப்பு வரும் என்று கடிதம் வந்தது. முத்திரை, கையொப்பம் எல்லாம் சரி. நான் புதன் பின்னேரமே பலகையில் எழுதிவிட்டேன். வியாழன் விடிய 4 மணிக்கே சனம் வந்துவிட்டது. லொறி ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் நின்றது, வரவில்லை. மத்தியானம் மட்டும் வெயிலில் நின்றுவிட்டுப் போனவர்களில் ஒரு அம்மா போகும்போது, "தம்பி, இல்லையெண்டு எழுதியிருந்தா நான் விறகு பொறுக்கப் போயிருப்பன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குப் பலகையில் நான் என்ன எழுதினாலும் களஞ்சியத்து வாசலுக்கு வந்து மூடையைக் கண்ணால் பார்த்துத்தான் போனார்கள். அவர்கள் செய்தது சரி.

வழியில் இருப்பது, வருவதாகச் சொன்னது, அனுமதி கிடைத்தது ஆகிய மூன்றையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முன்பக்கத்துக்கு அது மூடையாக வந்து சேரட்டும்.

2. தலைகளை நீங்களே எண்ணுங்கள்

இந்தப் படியில் அரசியல் புகும், ஆயத்தமாக இருங்கள். ஆள் தொகை கூடினால் கூடுதல் உணவு அனுப்ப வேண்டும். ஆகவே மேலே இருப்பவர்களுக்குச் சிறிய எண் பிடிக்கும். தங்கள் பக்கம் சனம் நிறைய நிற்கிறது என்று காட்ட விரும்புகிறவர்களுக்குப் பெரிய எண் பிடிக்கும். 2009 பெப்ரவரியில் மோதல் பகுதிக்குள் இருப்பவர்கள் 70,000 பேர்தான் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்தபோது செட்டிகுளம் முகாம்கள் உட்பட எல்லா முகாம்களிலும் சேர்ந்திருந்தவர்கள் 2,80,000க்கு மேல். சிறிய எண்ணை வைத்து அனுப்பிய உணவு எத்தனை பேருக்குப் போதாமல் போயிருக்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

உங்கள் எல்லைக்குள் உங்கள் எண்தான் வேலை செய்யும். கிராம சேவையாளரின் பட்டியலை எடுத்துக்கொண்டு சனம் தங்கும் தறப்பாள் கூடாரங்களுக்கு ஒவ்வொன்றாக நடந்து போங்கள். குடும்பத்தை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள். இடம்பெயர்வில் ஒரு அட்டைக்குள் மூன்று குடும்பம் இருக்கும், ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊரில் இருக்கும். எண்ணிய திகதியை எழுதுங்கள். முன்னரங்கு நகரும் வாரத்தில் மூன்று நாளுக்கு முந்திய எண்ணே பழசு.

3. வகுத்த பிறகே நாளைச் சொல்லுங்கள்

ஒரு கணக்கைக் கையால் போட்டுக் காட்டுகிறேன். 50 கிலோ அரிசி மூடை 100. அதாவது 5,000 கிலோ. ஆட்கள் 2,300. ஆளுக்கு நாளுக்கு 400 கிராம் என்று வைத்தால் ஒரு நாள் செலவு 920 கிலோ. 5,000ஐ 920ஆல் வகுத்தால் ஐந்தரை நாள் கூட வராது. புது ஆள் இங்கேதான் "ஒரு கிழமைக்குப் போதும்" என்று வாய் விடுவார். ஏழு நாளுக்கு 6,440 கிலோ வேண்டும்.

அறிவிக்க வேண்டியது, ஆளுக்கு 2 கிலோ, 5 நாளுக்கு. அதற்கு 4,600 கிலோ போகும். மிச்சம் 400 கிலோ, எட்டு மூடை, உள்ளே நிற்கும். அந்த எட்டு மூடையை விட்டுக்கொடுக்காதீர்கள். இரவோடிரவாக லான்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரத்தில்) வந்து இறங்கும் குடும்பத்துக்கு அது வேண்டும். கடைசி ஆள் வரிசையின் முன்னால் வரும்போது மூடை முடிந்துபோவதை விட மோசமான அறிவித்தல் கிடையாது.

இன்னொரு நுணுக்கம். "5 நாள் உணவு" என்று எழுதாதீர்கள், "5 நாளுக்கான அரிசி" என்று எழுதுங்கள். நிவாரண வேலையில் உலகம் முழுக்க வைக்கும் அளவு ஆளுக்கு நாளுக்கு 2,100 கிலோகலோரி. 400 கிராம் அரிசி அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தரும். மிச்சம் பருப்பு, எண்ணெய், சீனியால் வர வேண்டும். அவை வராத வாரத்தில் "உணவு கொடுத்தாயிற்று" என்று ஒரு தாளில் எழுதினால், அந்தத் தாளின் படி ஒருவரும் பசித்திருக்கவில்லை. அதே தாள் மேலே போகும், அடுத்த லொறியின் அளவை அது தீர்மானிக்கும்.

4. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைப்பது

ஆளுக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு, எது வரவில்லை. இவை மூன்றையும் எப்போதும் சொல்லுங்கள்.

மொத்த இருப்பு, களஞ்சியம் இருக்கும் இடம், லொறி புறப்படும் நேரமும் பாதையும், இவற்றைப் பொதுவில் சொல்லாதீர்கள். மொத்தத் தொகையைக் கேட்டால் துவக்கு வைத்திருப்பவருக்கும் வியாபாரிக்கும் ஆசை வரும். பாதையைச் சொன்னால் லொறிச் சாரதியின் உயிரோடு விளையாடுகிறீர்கள். ஆனால் மறைக்கிறீர்கள் என்பதையே மறைக்க வேண்டாம். "மொத்தக் கணக்கைப் பாதுகாப்புக்காக அறிவிக்கவில்லை, மூன்று பிரதிநிதிகள் பார்த்துக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். சாட்சிகளை முன்பே பிடித்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உணவு அறிவித்தலில் போர்ச் செய்தி ஒரு வரி கூடக் கலக்கக் கூடாது. யார் தடுத்தார், யார் தந்தார், யாருக்கு நன்றி, எதுவும் வேண்டாம். கலந்தால் அந்தத் தாள் ஒரு தரப்பின் தாளாகிவிடும், மற்றத் தரப்பு அதைக் கிழிக்கும், சனம் அதில் உள்ள கிலோ கணக்கையும் நம்பாது. அதே போல, சாப்பாட்டைக் காட்டி ஆட்களை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தும் அறிவித்தலை எழுதச் சொல்லி வற்புறுத்துவார்கள். பாதையை நீங்கள் நடந்து பார்க்காமல் "அங்கே சாப்பாடு இருக்கிறது" என்று எழுதாதீர்கள். கையெழுத்து வடிவாக இல்லை என்று சொல்லித் தப்பியிருக்கிறேன், அதுவும் ஒரு வழி.

5. இடமும் நேரமும்: இங்கே நின்று யோசியுங்கள்

மற்றப் படிகளில் பிழைவிட்டால் சனம் ஏசும். இதில் பிழைவிட்டால் சனம் சாகும். ஒரு இடத்தையும் நேரத்தையும் அறிவிப்பது என்பது அந்த இடத்தில் அந்த நேரத்தில் கூட்டத்தைக் கூட்டுவது. அதை மறந்துவிட்டு எழுதக் கூடாது.

2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் செல்லடியில், அதாவது எறிகணை வீச்சில், இறந்தார்கள். இறந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை அப்படியே இருந்ததாக ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஆள்கூறுகளை, அதாவது இடத்தை வரைபடத்தில் காட்டும் எண்களை, கொடுத்துவிட்டால் பாதுகாப்பு என்றும் இருந்துவிட முடியாது. அதே ஆண்டு ஜனவரியில் சுதந்திரபுரப் பக்கம் ஐ.நா. ஊழியர்கள் அமைத்த நிலையத்தின் ஆள்கூறுகள் படைத் தலைமையகத்துக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தும் அங்கே செல் விழுந்ததை அதே அறிக்கையில் காணலாம். ஆள்கூறுகளைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக இரு தரப்புக்கும் கொடுங்கள், அது கட்டாயம். அதை நம்பி ஐந்நூறு பேரை ஒரு வெளியில் நிறுத்தாதீர்கள்.

நாங்கள் படிப்படியாகக் கண்டுபிடித்த முறை இது. கூட்டத்தைத் துண்டாக்குங்கள். ஒரே நிலையத்துக்குப் பதிலாக ஐந்தாறு இடம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேளையில் முப்பது நாற்பது அட்டைக்கு மேல் வேண்டாம். வெளிக்குப் பதிலாக மரத்தின் கீழ், பங்கர் பக்கத்தில். வைத்தியசாலை, பாடசாலை, சந்தி, ஆயுதக்காரரின் வாகனம் நிற்கும் இடம், நான்கையும் தவிருங்கள். நேரத்தை முதல் நாள் மைக்கில் சொல்ல வேண்டாம். பலகையில் "நாளை தொடங்கும், உங்கள் பகுதிப் பொறுப்பாளர் நேரம் சொல்வார்" என்று மட்டும் எழுதி, காலையில் பொறுப்பாளர் அட்டை இலக்கப்படி பத்துப் பத்துக் குடும்பமாக வீட்டு வாசலில் போய்ச் சொல்லட்டும்.

இப்படிச் செய்தால் நேரம் எடுக்கும். ஒரு நாளில் முடிகிற வேலை மூன்று நாள் இழுக்கும். அந்த மூன்று நாளும் மேலிடத்தில் இருந்து, ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

கலைந்து போவதற்கான சைகையையும் அறிவித்தலிலேயே எழுதுங்கள். எங்களிடம் அது தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி. மணி கேட்டால் பையை விட்டுவிட்டு பங்கருக்கு. "உங்கள் இடம் போகாது, அட்டை இலக்கம் குறித்திருக்கிறோம்" என்ற வரி அதற்குக் கீழே கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குண்டு போடும் கிபிர் விமானம் மேலே சுற்றினாலும் வரிசையை விட்டு நகர மாட்டார்கள். நாலு மணித்தியாலம் நின்ற இடத்தை யார்தான் விடுவார்?

6. பங்கிடுகிறவருக்கு முதலில், சனத்துக்குப் பிறகு

சங்கக் கடை (கூட்டுறவுக் கடை) மனேச்சர், நிறுக்கும் பெடியன், கிராம சேவையாளர், பகுதிப் பொறுப்பாளர்கள். அறிவித்தல் ஒட்டுமுன் இவர்கள் எல்லோரும் அதே தாளை வாசித்திருக்க வேண்டும். பலகையில் 2 கிலோ, தராசுக்காரர் வாயில் ஒன்றரைக் கிலோ என்று வந்தால் அன்றைக்குச் சங்கக் கடை யன்னல் தப்பாது.

ஒருவர் மட்டும் எழுத வேண்டும், ஒருவர் மட்டும் திருத்த வேண்டும். மற்றவர்களிடம் கேட்டால் "பலகையில் உள்ளதுதான்" என்பதே பதில். அதிகாரி யாராவது வந்து அன்பாக ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டுப் போவார். "அடுத்த கிழமை இரட்டிப்பாகத் தருவோம்." அவர் வாகனம் போனவுடன் அந்த வாக்குறுதிக்குச் சொந்தக்காரர் நீங்கள்தான். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: "ஐயா, அளவைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டாம்." பெரும்பாலும் கேட்பார்கள்.

7. தாளில் எழுதுவது

முதலில் எப்படி எழுதக் கூடாது என்பதற்கு ஒன்று. இதை நான் ஒரு நூறு தரம் பார்த்திருப்பேன், பேச்சு மாறுமே தவிர உள்ளடக்கம் மாறாது:

"அத்தியாவசிய உணவுப் பொருட்கள் போதியளவு கையிருப்பில் உள்ளன. பொதுமக்கள் வீணாகப் பீதியடையத் தேவையில்லை என அறியத்தருகின்றோம்."

இதை வாசிக்கிற வீட்டுக்காரி அடுத்த நிமிடம் பையைத் தூக்குவார். "போதியளவு" என்றால் எவ்வளவு என்று இல்லை. நேற்று வரை யாரும் பீதியைப் பற்றிப் பேசவில்லை, இன்று ஏன் பேசுகிறார்கள்? கடை இரண்டு மணித்தியாலத்தில் காலியாகும், அந்த அறிவித்தலே காலியாக்கியது என்று பிறகு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எழுத வேண்டியது இப்படி:

"14ஆம் திகதி காலை 7 மணி நிலவரம்.
அரிசி: ஆளுக்கு 2 கிலோ. இது 5 நாளுக்கானது.
மா: ஆளுக்கு அரைக் கிலோ.
பருப்பு: வரவில்லை. எப்போது வரும் என்று இன்று எங்களுக்குத் தெரியாது.
அட்டை இல்லாதவர்களும் வாருங்கள், பெயர் எழுதித் தருவோம். பிந்தி வந்தவர்களுக்குத் தனியாக ஒதுக்கியிருக்கிறோம்.
நேரத்தை உங்கள் பகுதிப் பொறுப்பாளர் சொல்வார். மணி அடித்தால் கலைந்து போங்கள், உங்கள் இடம் போகாது.
அடுத்த அறிவித்தல் நாளை காலை 7 மணிக்கு, புதுச் செய்தி இல்லாவிட்டாலும்."

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. நேரம் மேலே இருப்பது, பழைய தாளையும் புதுத் தாளையும் பிரித்தறிய. கிலோவுக்குப் பக்கத்தில் உங்கள் ஊர்ச் சுண்டுக் கணக்கு வர வேண்டும், ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இங்கே விட்டிருக்கிறேன். "பிந்தி வந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம்" என்ற வரி முன்னால் முண்டியடிப்பதைக் குறைக்கும். "தெரியாது" என்ற வரிதான் எழுதக் கூசும் வரி. மேலே உள்ள இரண்டு வரியையும் நம்பவைப்பது அதுதான்.

கடைசி வரியில் புது ஆட்கள் சறுக்குவார்கள். புதுச் செய்தி இல்லாத நாளில் எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். ஏழு மணிக்குப் பலகை வெறுமையாக இருந்தால் ஏழரைக்கு ஊர் தானாக ஒரு செய்தியை எழுதிவிடும். "மாற்றம் இல்லை" என்று எழுதி நேரத்தைப் போடுங்கள்.

8. பரப்புவது

பலகை, மைக் கட்டிய சைக்கிள் அல்லது ஓட்டோ, வாய். மூன்றிலும் ஒரே வசனம், ஒரே வரிசை. மைக்கில் அலங்காரம் வேண்டாம், இரண்டு தரம் ஆறுதலாக வாசித்தால் போதும். பலகையைச் சங்கக் கடையில் மட்டும் வைக்காமல் கிணற்றடியிலும் வையுங்கள். கடைக்கு ஆண்கள் போவார்கள், கிணற்றடிக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பெண் வருவார்.

பொழுதுபட முன் ஒரு தரம் சொல்வது நல்லது. அந்த நாட்களில் பற்றரி கிடைக்காது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்போம். இரவு பிபிசி தமிழோசை முடிந்ததும் எல்லோரும் முற்றத்துக்கு வந்து கதைப்பார்கள். கதை பிறக்கும் நேரம் அதுதான். அதற்கு முன் உங்கள் வசனம் அவர்கள் காதில் விழுந்திருந்தால், அந்தக் கதைக்குள் உங்கள் எண்ணும் இருக்கும். இன்றைக்கு அந்த முற்றம் வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டது, மற்றப்படி ஒன்றும் மாறவில்லை. தாளைப் படம் பிடித்துப் போடுங்கள், ஆனால் திகதியும் மணியும் படத்துக்குள் தெரிய வேண்டும். திகதி இல்லாத படம் மூன்று கிழமை கழித்தும் சுற்றும், யாரோ ஒருவர் அதை நம்பிப் பஸ் ஏறி வருவார்.

வாசிக்கத் தெரியாதவர், படுக்கையில் இருப்பவர், கால் இழந்தவர், தனியே இருக்கும் முதியவர். இவர்களின் பட்டியல் பொறுப்பாளர் கையில் இருக்கட்டும், இவர்களுக்குத் தறப்பாளுக்குள் போய்ச் சொல்ல வேண்டும்.

9. பால்மாவை இந்தத் தாளில் எழுதாதீர்கள்

பால்மாவும் திரிபோஷா என்ற சத்துமாவும் குடும்ப நல உத்தியோகத்தர் வழியாகப் போகட்டும், மிட்வைஃப் மிஸ்ஸிடம் எந்தத் தாய்க்கு எது வேண்டும் என்ற கணக்கு இருக்கும். பலகையில் "பால்மா வந்துள்ளது" என்று எழுதினால் இரண்டு கேடு. ஒன்று, எல்லா வரிசையிலும் நீண்டது அதுவாகிவிடும். மற்றது, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயும், பயத்தில் பால் வற்றிவிட்டது என்று நினைத்துப் புட்டிக்கு மாறுவார். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் வயிற்றோட்டத்தில் போய் முடியும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதை, தாய்க்குக் கூடுதலாகக் கஞ்சி கொடுக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து, மிட்வைஃப் நேரில் சொல்வதுதான் வேலை செய்யும்.

10. கதை அடிபடும்போது

"மா லொறியைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்." "அடுத்த பகுதிக்கு மூன்று கிலோ குடுத்தவங்களாம்." கதையைக் கொண்டு வருகிறவரை ஏசாதீர்கள். அவர்தான் உங்கள் காது, நாளைக்கும் அவர் வர வேண்டும். கேட்டது என்ன, எங்கே, எத்தனை மணிக்கு என்று கொப்பியில் எழுதுங்கள்.

அப்புறம் போய்ப் பாருங்கள். கதைகளில் பாதி முழுப் பொய்யாக இருப்பதில்லை. அடுத்த பகுதிக்கு மூன்று கிலோ கொடுத்தது உண்மையாகவே இருந்தது ஒரு முறை. அவர்களுக்கு முந்திய பங்கீடு போய்ச் சேரவில்லை, அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அதை நாங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் அந்தக் கதையே வந்திராது.

பதில் எழுதும்போது கதையைத் திருப்பிச் சொல்லாதீர்கள். "லொறி திரும்பியது என்பது பொய்" என்று எழுதினால் கேள்விப்படாதவருக்கும் நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். "மா 40 மூடை நேற்றுப் பின்னேரம் இறக்கப்பட்டது, பிரதிநிதிகள் பார்த்தார்கள்" என்று எழுதுங்கள். மொத்தத்தை அறிவிக்கக் கூடாது என்று மேலே சொன்னேனே என்பீர்கள். இறக்கிய ஒரு தொகுதியைச் சொல்வது வேறு, களஞ்சியத்தில் இருக்கும் மொத்தத்தைச் சொல்வது வேறு. அதையும் அன்றைக்கே பங்கிடப் போகிறீர்கள் என்றால் மட்டும்.

விலையைப் பற்றி ஒரு சொல். கட்டுப்பாட்டு விலையை அறிவிக்கச் சொல்லி வருவார்கள். அந்த விலையில் எந்தக் கடையில் இன்றைக்குச் சாமான் இருக்கிறது என்று சேர்த்து எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். வெறும் விலையை மட்டும் எழுதினால் முதலாளி சீனியை இராக்கைக்கு (தட்டுக்கு) கீழே தள்ளிவிடுவார், "முடிஞ்சுது தம்பி" என்பார்.

11. குறைக்க வேண்டி வரும் நாள்

2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறிய பிறகு உணவு லொறித் தொடரணியாக வந்தது. 2009 ஜனவரி நடுப்பகுதியோடு தரை வழித் தொடரணியும் நின்றது. இப்படிப் பாதை மாறும் காலத்தில் குறைப்பை அறிவிக்கும் நாள் வந்தே தீரும்.

குறைக்கப் போவதைக் கடைசி மூடை இருக்கும்போது சொல்லாதீர்கள். நாலு நாள் இருப்பு இருக்கும்போதே சொல்லுங்கள். வீட்டில் இருப்பதைக் கொண்டு இழுத்துப் பிடிக்க ஒரு குடும்பத்துக்கு அந்த நாலு நாள் பெரிய விஷயம். எல்லோருக்கும் ஒரே அளவில் குறையுங்கள். குறைப்பு எங்கள் வீட்டுக்கும் உண்டு என்று எழுதி, அதைச் செய்தும் காட்டுங்கள். களஞ்சியத்தில் வேலை செய்கிறவர் வீட்டு அடுப்புப் புகையை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

குறைக்கும் அறிவித்தலோடு செய்யக்கூடிய ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். நெல் வைத்திருப்பவர் உரலில் குற்றலாம், மில்லுக்கு டீசல் இல்லை. பத்து வீடு சேர்ந்து ஒரு அடுப்பில் கஞ்சி காய்ச்சினால் விறகும் அரிசியும் மிச்சம். ஆனால் விதைநெல்லைத் தின்னச் சொல்லி எழுதாதீர்கள். அது அவரவர் முடிவு, சனத்துக்கு எப்போது அதில் கை வைப்பது என்று உங்களை விட நன்றாகத் தெரியும்.

மைக்கில் சொல்லிவிட்டு உள்ளே போகக் கூடாது. குறைப்பு அறிவித்த நாளில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இரண்டு மணித்தியாலம் இருங்கள். ஏச்சு வாங்குவதும் இந்த வேலையில் அடக்கம். அந்த ஏச்சுக்குள்தான் எந்தத் தறப்பாளுக்கு நேற்றும் கிடைக்கவில்லை என்ற செய்தி வரும்.

12. பழைய தாளைக் கழற்றுங்கள்

புதுத் தாள் ஒட்டுமுன் பழையதைக் கழற்றிக் கொப்பிக்குள் வையுங்கள், மேலே ஒட்டாதீர்கள். ஒரு மாரிக்காலத்தில் மேல் தாள் நனைந்து விழுந்து, இரண்டு கிழமைக்கு முந்திய "ஆளுக்கு 3 கிலோ" வெளியே வந்துவிட்டது. அன்று காலை வந்தவர்களுக்கு அது பழசு என்று விளங்கப்படுத்த எனக்கு மத்தியானம் ஆனது. கழற்றிய தாளின் பின்னால் எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள், எத்தனை அட்டைக்குக் கொடுத்தீர்கள், யாருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். இடம்பெயரும்போது தராசை விட்டாலும் அந்தக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இடத்தில் ஆள் கணக்கை அதிலிருந்துதான் தொடங்குவீர்கள்.